கட்டடமா, சாமானா

குருபரப்பள்ளி தாண்டி சர்வீஸ் ரோட்டில் திரும்பினால்
சென்னப்பனின் மாங்கூழ்க் கிடங்கு.
நீலக் கால்கள், ஆரஞ்சு உத்தரங்கள்
கட்டுக் கட்டாய்த் தரையில் படுத்திருக்கின்றன,
எழுந்தால் இருபத்தாறு அடி.
எழுப்புவதற்குத் தாள் வாங்கித் தருவது
என் பிழைப்பு.

முதல் மேசையில் கேட்டார்கள்:
இது கட்டடமா, சாமானா?
சாமான் என்றால் இங்கே ஏன் வந்தாய்,
கட்டடம் என்றால் சுவர் எங்கே?
சுவர் இல்லை சார். கதவும் இல்லை.
கூரை உண்டு, அதற்குத் தனியாக அனுமதி வாங்கியாயிற்று.
படிவத்தில் 'குடியிருப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம்.
ஆயிரத்து நானூறு பீப்பாய் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'இல்லை' எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
அடித்ததற்கும் ஒரு கையெழுத்து.

தீயணைப்பு நிலையத்தில் திம்மராயப்பா
வரைபடத்தைத் தலைகீழாக வைத்தே படித்தார்.
மேல் தட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே
ஒரு முழம் காற்று விடு,
காற்றில் மட்டும் எதையும் அடுக்காதே என்றார்.
அவர் ஒருவர்தான் அன்றே முத்திரை குத்தினார்.

சித்திரை போயிற்று.
ஜார்க்கண்ட் பையன்கள் எட்டுப் பேர்
உத்தரக் கட்டின் மேல் லுங்கி காயப்போட்டு
சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், பேட்டா ஓடிக்கொண்டிருந்தது.
சென்னப்பன் போனில் கத்தினார்:
உன் ஃபைலுக்காக பெங்களூரா மாங்காய்
பழுக்காமல் காத்திருக்குமா?

கடைசி மேசை கோமளீஸ்வரி மேடம்.
தரையைத் துளைத்து எடுத்து வா என்றார்.
தரை எட்டு அங்குலம் மேடம், வரைபடத்தில் இருக்கிறது.
வரைபடத்தின் மேலா பீப்பாய் நிற்கப்போகிறது?
படிக்கட்டு முழுக்க அந்தம்மாவைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

ஒன்பது இடத்தில் துளைத்தோம்.
மிஷின் நின்றதும் சிமெண்டுக் கட்டை ஒவ்வொன்றாய்
ஈரத்தோடு வெளியே வந்தது, கரும்புத் துண்டு மாதிரி.
ஐந்தே கால். ஐந்து. ஐந்தரை.
லாரி நிற்கும் வாசலருகே மட்டும் எட்டு.
நடுவில் இருந்த துளைக்குள் கையை விட்டேன்.
கொஞ்சம் கிராவல்,
அதன் கீழே கருப்பாய், குழைவாய்
ஏரி.
விரலில் ஒரு நத்தை ஓடு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஒரு காலுக்கு நாலரை டன் என்று
கணக்குப் போட்டவன் நான்.

எட்டு அங்குலத்தை மட்டும் கொடு என்றார் சென்னப்பன்.
மற்ற எட்டையும் போர்வெல் குழியில் போடு.
அவர் சொன்னதில் கோபமே இல்லை,
டீயில் சர்க்கரை குறைத்துப் போடு என்பது மாதிரி.
ஃபோர்க்லிஃப்ட் அப்சல் அப்போதுதான்
அந்த நடுத்துளையின் மேல்
சக்கரத்தை ஏற்றி இறக்கிப் போனான்.

அரிசிச் சாக்கில் ஒன்பதையும் கட்டிக்கொண்டு
பஸ் ஏறினேன். லக்கேஜ் என்று
கண்டக்டர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.
மேசை மேல் வரிசையாய் வைத்தேன்.
பாராட்டு எதுவும் இல்லை.
ஸ்கேலால் அளந்தார், ஒன்பதையும்.
பிறகு, கீழே எத்தனை பேர் நடப்பார்கள் என்று கேட்டார்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையே மேடம்.
கேட்டது உன்னை.
பதினொரு பேர் என்றேன்,
அப்சலைச் சேர்த்து.
ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

ஐந்து தட்டு கேட்டோம், இரண்டு கிடைத்தது.
காலுக்கடியில் அகலத் தகடு, நிபந்தனை எண் ஏழு.
மிச்சப் பீப்பாய்கள் பர்கூரில்
வாடகைக் கொட்டகையில் கிடக்கின்றன,
அதற்கு அனுமதி இருக்கிறதா என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

என் கட்டணத்தில் பாதி இன்னும் வரவில்லை.
ஐந்தே கால் அங்குலத் துண்டு வீட்டில் இருக்கிறது.
ஃபேன் போட்டால்
அடுத்தவன் ஃபைல் பறக்காமல்
அதுதான் பிடித்துக்கொள்கிறது.