நானூற்றுப் பதினேழாவது ஊசி

ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது
பூட்டிய கதவைப் பின்னாலிருந்து யாரோ
ஒரேயொரு முறை தட்டுவதுபோல்
டக்.
அவ்வளவுதான் புகார்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஜாகுவார்.
பழுத்த பாக்கின் நிறம்.
வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான்
சாலையில் இறங்க அனுமதி அதற்கு.
மீதி நாளெல்லாம் புக்கிட் தீமாவில்
போர்வைக்கடியில் கிடக்கும்.
டாக்டர் குவெக் சியோக் லான்,
முப்பது வருடம் பல் பிடுங்கியவர்,
சனிக்கிழமைக்குள் முடியுமா என்றார்.
முடியும் என்றேன்.
கேட்டவுடன் முடியும் என்பது
என் வாயின் பழக்கம்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
தூக்கி நிறுத்தி வயிற்றைப் பார்த்தேன்.
சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டு,
தண்டுக்கு இரண்டு மூட்டு,
மூட்டுக்கு நான்கு கிண்ணம்.
கிரீஸ் இருந்த இடத்தில்
மிளகாய்த்தூள்போல் துரு.
ரோஸ்லி அரை டப்பா எண்ணெய் அடித்து
கிளிப்பிடம் மலாயில் ஒன்று சொன்னான்.
அசையவில்லை.
அப்புறம் நான் தமிழில் சொன்னேன்.
கழன்றது.

வைஸில் வைத்து நெருக்க
பழைய சிலுவை வெளியே வந்தது.
டாக்டர் அதைக் கேட்டு வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.
ஊசி உருளைகள் ஒரே இடத்தில் படுத்துப் படுத்து
எஃகிலேயே பள்ளம்.
அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு
என் தமிழில் சொத்தை.
முழங்கால் மூட்டு பற்றி ஏதாவது சொல்வாரென்று
காத்திருந்தேன், எல்லாரும் சொல்வார்கள்.
அவர் சொல்லவில்லை.
பிடித்துப்போயிற்று.

புது மூட்டுகள்.
கிண்ணத்துக்கு இருபத்தாறு ஊசி, பதினாறு கிண்ணம்.
ஒவ்வொன்றும் நெல்மணியைவிடச் சற்றே நீளம்.
கிரீஸின் பிடியில்தான் நிற்கின்றன.
ஒன்று சாய்ந்தால் கிண்ணம் இறங்காது,
உடனே தெரிந்துவிடும்.
ஒன்று விழுந்துபோனால் இறங்கும்.
அதுதான் ஆபத்து.

ஆறே காலுக்கு எல்லாம் மாட்டியாயிற்று.
ரோஸ்லி கிளம்பிவிட்டான்.
ஏழுக்குள் பைக்கை எடுத்தால்
ஜொகூர் ஒரு மணி நேரம்.
ஏழு தாண்டினால்
பாலம் வைத்ததுதான் நேரம்.
கை கழுவி, செருப்பை மாற்றினேன்.
அடியில் ஏதோ மின்னியது.

ஊசி.

பழையதா புதியதா?
அளவு வைத்துப் பார்த்தேன். தேய்மானம் இல்லை.
ஆனால் பழைய மூட்டிலும்
பாரம் ஏறாத மூலைகள் உண்டே.
பழையவற்றை எண்ணிச் சரிபார்க்கலாமென்றால்
பாதி பொடியாகிவிட்டன.
பொடியை யார் எண்ணுவது?

சுகிர்தாவுக்கு ஒரு செய்தி: இன்னும் கிளம்பலை.
பதிலாக ஒரு கட்டைவிரல்.
கோபமா சம்மதமா,
அந்த விரலில் தெரியாது.

மறுபடி தண்டு. மறுபடி வைஸ்.
பிஸ்கட் டின் மூடியில் கொட்டி எண்ணினேன்.
இருபத்தாறு. இருபத்தாறு.
பதினொன்றாவது கிண்ணத்தில் இருபத்தைந்து.
மூச்சு விட்டேன், நிம்மதி மாதிரிகூட இருந்தது.
திரும்ப எண்ணினால்
ஒன்று என் பெருவிரல் ஓரத்தில்
கிரீஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
பதினாறும் முழுசு.
நானூற்றுப் பதினாறு.

ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்துகொள்ள
நான்கு மணி நேரம்.
பில்லில் அதை
எந்தப் பெயரில் எழுதுவது? விட்டுவிட்டேன்.
பாலத்தில், நள்ளிரவில், என் முன்னால்
பின்விளக்குகள் மட்டும்.

சனிக்கிழமை டாக்டர் ஏறி உட்கார்ந்தார்.
ரிவர்ஸ். டிரைவ்.
திரும்ப ரிவர்ஸ். டிரைவ்.
கண்ணாடியை இறக்கி
"மாற்றினீர்களா?" என்றார்.
மாற்றினேன் என்றேன்,
சட்டைப்பைக்குள் அந்த ஊசியை
விரலால் உருட்டிக்கொண்டே.