மூன்று இலக்கத்துக்கு ஓர் இடம்

தார்த்துவில் பிப்ரவரி.
நடைபாதைப் பனிக்கட்டி மேல்
நகராட்சி கருங்கல் சில்லு தூவிப் போகிறது.
வண்டியின் பக்கவாட்டில் எழுதியே இருக்கிறது:
இரண்டு முதல் ஆறு மில்லிமீட்டர்.
பூட்ஸுக்கும் தெரியட்டும் என்பதுபோல.

நான் பற்பசைக் குழாய்க்கு எழுத்து அடுக்குகிறவன்.
முகப்பில் 'வெண்மை', கட்டை விரல் உயரம்.
பக்கத்தில் ஒரு புதினா இலை.
இலைமேல் ஒரு துளி.
துளிக்கு மட்டும் மூன்று நாள் வேலை.
பின்புறம், குழாய் ஒட்டி மடியும் இடத்துக்குச் சற்று மேலே,
எறும்பும் கண்ணாடி தேடும் அளவில்
சேர்மானங்கள்.
மூன்றாவதாக சிலிக்கா.
அதையடுத்து ஒரு காற்புள்ளி.
அந்தக் காற்புள்ளியை எனக்கு நேரில் தெரியும்.

எவ்வளவு சொரசொரப்பு என்பது மட்டும் இல்லை.
சட்டம் கேட்கவில்லை.
பெயரைச் சொல், வரிசையில் நில், போதும்.

சோதனைக்கூடத்து மெரிகே ஒருநாள்
காப்பி இயந்திரத்தருகே சொன்னாள்:
பிடுங்கிய பல்லின் வேரைப் பூட்டி
ஆயிரக்கணக்கில் தேய்ப்பார்களாம்.
கழுவிய நீரில் எவ்வளவு பல் என்று அளந்தால்
ஓர் எண் வருமாம்.
"நம் வெண்மைக்கு?"
ஆவி படிந்த சன்னலில் விரலால் எழுதினாள்.
நான் கண்ணாடியை மூக்கில் ஏற்றுவதற்குள்
உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.
மூன்று இலக்கம்.
முதலாவது ஒன்று. அல்லது ஏழோ?
ஏழாக இருக்காது.

பல் மருத்துவர் வைகே
விளக்கை இழுத்து என் வாய்க்குள் குனிந்தார்.
"ஈறை ஒட்டி ஆப்பு வைத்ததுபோல் தேய்ந்திருக்கிறது.
இடப்பக்கம்தான் அதிகம்.
வலக்கைக்காரர், இல்லையா?
கையும் இதில் கூட்டாளி.
என்ன பசை?"
என் கோட்டுப் பையைக் காட்டினேன்,
மாதிரிக் குழாய் அதில் இருந்தது.
தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்,
திருப்பினார்.
"இது எவ்வளவு கரடு?"
ஒவ்வொரு எழுத்தையும் அடுக்கியவன்
வாயில் கண்ணாடியோடு கிடந்தேன்.
ஆ, என்றேன்.
அதையே பதிலாக எடுத்துக்கொண்டு
பஞ்சை மாற்றினார்.

அடுத்த படிவத்தில்
சிலிக்காவுக்கும் காற்புள்ளிக்கும் நடுவே
மூன்று இலக்க அகலம் விட்டு அனுப்பினேன்.
ரைவோ எழுந்தே வந்துவிட்டார்.
"என்ன இந்த ஓட்டை?"
எழுத்து மூச்சுவிட, என்றேன்.
பல்லைக் காட்டாமல் சிரித்தார்.
மறுநாள் வரிகள் நெருங்கியிருந்தன.
மிச்சமான இடத்தில் இரண்டாவது இலை.
அதற்கும் ஒரு துளி வேண்டுமாம்,
வெள்ளிக்கிழமைக்குள்.

வரைந்துகொண்டிருக்கிறேன்.
வெளியே சில்லு வண்டி கரகரத்துப் போகிறது.
நாக்கு இடப்பக்கப் பள்ளத்துக்குப் போய்த்
தடவிவிட்டு வருகிறது,
மறுபடி போகிறது.