குளிருக்கு ஒரு எண்

டபிள்யூன்னா விண்டருங்க,
முன்னால இருக்கறது குளிருக்கு,
பின்னால இருக்கறது கொதிக்கறப்பச் சேருதுங்க
என்றான் ஆயில் கடை தேவசிகாமணி.

காங்கயத்தில் எது குளிர்?
மார்கழியில் ஒரு பத்து நாள்
டின்னுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளையாய் உறையும்.
இறக்கும்போது குலுக்கிப் பார்த்து
சத்தம் வராவிட்டால் மறுநாள் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வேன்.
மற்ற நாளெல்லாம்
பின்னால் இருக்கிற எண்ணில்தான்
ஓடிக்கொண்டிருக்கிறோம்
நானும் வண்டியும்.

டாடா டூ நாட் செவன்.
மீட்டர் நின்று ஆறு வருசம்.
அதற்கப்புறம் கிலோமீட்டர் இல்லை, நடைதான்.
உடுமலைக்குப் போய்ப் பருப்பு மூட்டை ஏற்றி வந்தால் ஒரு நடை.
காலண்டர் முதுகில் சுலோசனா கோடு கிழிப்பாள்.
அறுபது கோட்டுக்கு ஏழு லிட்டர்.

புதன்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறது என்றேன்.
அவன் குரல் இறங்கியது.
அப்ப இருபது அம்பது ஊத்துங்க.
கூட இந்த டப்பா ஒண்ணு, தேனாட்டம் இருக்கும்.
சத்தம் அமுங்கிப் போயிரும்.
புகை ஒரு மாசத்துக்குத் தலை காட்டாது.
ஒரு மாசம் போதுமில்லீங்க?

போதும்.
ஒன்பது வருசத்துக்கு முன்னால் தாராபுரத்தில்
இதே வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.
ஊதியூர் மலை தெரிகிற வரைக்கும்
நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.
இருபத்தெட்டாம் நாள் பின்கண்ணாடியில்
ரோடே தெரியவில்லை.

ரெண்டு ஆயிலும் வாங்கினேன், டப்பாவும்.
ராத்திரி முழுக்கக் களத்துச் சுவரில்
மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

காலையில் கால் மணி நேரம் ஓடவிட்டு,
சூடு இருக்கும்போதே அடிப்போல்ட்டைக் கழற்றினேன்.
ஓட்டைப் போசிக்கு எம்சீல் வைத்துப் பிடித்தேன்.
கறுப்பாய் வந்தது. வரட்டும்.
டீசல் வண்டி ஆயில் மூன்றாம் நாளே கறுத்துவிடும்.
பருப்பை ஒடித்து ஈரம் சொல்கிற இரண்டு விரலால்
தேய்த்துப் பார்த்தேன்.
ரேகைக்குள் ஏதோ
மினுக்கென்றது.
வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

டப்பாவைத் திறந்தேன்.
தாராபுரத்து வாசம்.
மூடிவிட்டுப் பதினைந்து நாற்பதை ஊற்றினேன்.
நல்லவன் என்பதால் இல்லை.
குமட்டியது.

சென்னிமலையிலிருந்து வந்தவள் பேர் செங்கமலம்.
ஜமக்காளக் கட்டு ஏற்ற வண்டி வேண்டுமாம்.
பானட்டைத் தொட்டு, ஆறியிருப்பதைப் பார்த்துக்கொண்டாள்.
ஸ்டார்ட் பண்ணட்டுங்களா என்றேன்.
இருங்க, கழட்டின ஆயில் எங்கீங்க?

இப்படி யாரும் கேட்டதில்லை.
போசியைக் காட்டினேன்.
பைக்குள்ளிருந்து, மழைக்காயிதம் சுற்றிய
ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக்
குழம்பு கிண்டுவதுபோல் கிண்டினாள்.
கொஞ்சம் மீசை முளைத்து வந்தது.
ஒட்டினது பரவாயில்லைங்க,
இந்த வயசுக்கு இது இருக்கும்.
ஒட்டாம மினுங்குது பாருங்க,
அது பேரிங்கு.

அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.
வண்டி உள்ளதை உள்ளபடி
டக்கு டக்கு என்று சொல்லியது.
கண்ணை மூடிக் கேட்டாள்,
மூடிய கண்ணோடே
முப்பதாயிரம் குறைங்க என்றாள்.
நான் பன்னிரண்டு என்றேன்.
வீட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க.

இன்றைக்குச் சனி. போன் இல்லை.
களத்து வேலிக் காலுக்குக் கரையான் ஏறாமலிருக்கப்
பழைய ஆயிலைப் பூசிக்கொண்டிருக்கிறேன்.
பதினோரு கால் முடிந்தது.
இன்னும் இருபது இருக்கும்.
போசியில் பாதிக்கு மேல் அப்படியே.
வெயில் சாய்கிறது.
பூசின கால்கள் அங்கங்கே
மினுங்குகின்றன.