நாலாவது லேபிள்

மூவாயிரம் போத்தல், நாலு உயிர்.
"திரும்ப அடிக்கமாட்டம்,
அதுதான் இதின்ர விசேசம்" என்றார் அருந்தவராசா.
சுன்னாகத்தில் அவருடைய இஞ்சிச் சோடாவுக்கு
இது ஐம்பதாவது வருசம்.
எனக்கு இரண்டு மாத வாடகை நிலுவை.
எனக்கும் விசேசம்தான்.

முதலில் பூநாரை.
அரியாலைக் கரையில் முழங்கால்வரை சேற்றில் நின்று
மூன்று விடியல் பார்த்து வரைந்தது.
"மற்றக் கால் எங்க பிள்ளை?"
மடக்கி வைச்சிருக்கு.
"சனம் நொண்டி எண்டு நினைக்கும்."
இறக்கினேன்.
இறக்கிய காலின்மேல் பார்கோட் வந்து நின்றது.
அந்தக் கோடுகளைக் கோரைப்புல் ஆக்கினேன்,
கடைக்காரனின் மெசின் வாசிக்கக்கூடிய கோரைப்புல்.

சீனி கூட என்று சொல்லும் சிவப்பு வட்டத்தை
எங்கே வைத்தாலும் சூரியனாகிவிடுகிறது.
சட்டம், எடுக்க ஏலாது.
நெடுந்தீவுக் குதிரைக்குப் பின்னால் வைத்தேன்.
விலா எலும்பு தெரியக் குதிரை நிற்கிறது;
அதன் பிடரிக்கு அப்பால்
நூறு மில்லிக்குப் பதினொரு கிராம் சீனி
கடலில் இறங்குகிறது.

கடற்பசுவை நான் கண்டதில்லை.
அச்சகத்து யூட் நிக்சனின் மாமன் கண்டவர்,
குருநகரில், வலைக்குள்.
"கண்ணைப் பாக்கக்கூடாது" என்றார்.
பிறகு பீடியைப் பற்றவைத்தார்,
வேறொன்றும் கேட்கமுடியவில்லை.
மூடிய கண்ணோடு வரைந்தேன்.

நாலாவதில்தான் பிழைத்தது.
சுண்டிக்குளத்துப் பக்கம், இரவில்,
நீர்க்கரையில் குந்தியிருந்து மீன் பார்க்கும் பூனை.
பதினொரு நாள் வேலை. மீசை மட்டும் ஒரு நாள்.
அருந்தவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டார்,
போத்தலைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்தார்.
"இதென்ன?"
பூனை.
"பூனைக்கு ஏன் நெத்தியில வரி?"
பிறக்கேக்கையே அப்பிடித்தான்.
"அது எனக்கும் உமக்கும் தெரியும்.
ஆனையிறவில லொறியை மறிக்கிறவனுக்குத் தெரியுமோ?"

பெயரைக் கீழே போட்டால் விளங்கும் என்றேன்.
தட்டினேன்: கொடுப்புலி.
சொல்லின் வாலில் அது படுத்திருந்தது.
இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம்.
கரண்ட் போய்வந்தால்கூட நல்லாயிருக்கும் போலிருந்தது.
சிங்களப் பெயரைத் தேடினேன், அதில் சிறுத்தை.
ஆங்கிலத்தில் மட்டும் அது
மீன்பிடிக்கிற பாவப்பட்ட பூனை.
மூன்று மொழியும் போட்டாகவேண்டும்.

அப்ப சிங்கம் கீறட்டோ என்றேன், பகிடிக்கு.
அவர் சிரிக்கவில்லை.
எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அணில் போடும் பிள்ளை.
அணில் ஒருத்தருக்கும் எதிரியில்லை."

அணிலுக்கும் வரி இருக்கு என்று நான் சொல்லவில்லை.
மூன்று கோடு, முதுகு நீளத்துக்கு.
ஆர் கீறினது என்றும் எல்லாருக்கும் தெரியும்,
அதற்காக ஒரு லொறியும் நின்றதில்லை.
அரை நாளில் முடித்தேன்.
பின்னேரம் காசு வந்தது.

அணில் போத்தல்தான் முதலில் தீர்ந்ததாம்.
மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டில்
பிள்ளைகள் ஈர லேபிளை உரித்து
நெற்றியிலும் கதிரையிலும் ஒட்டித் திரிந்தார்களாம்.
பூநாரையைக் கனடாவுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு,
சோடாவைக் குடித்துவிட்டு வெறும் போத்தலை.
கடற்பசு விலைப்படவில்லை. கொழுப்புப் போலக் கிடக்குதாம்.

யூட் நிக்சன் சோதனைக்கு அடித்த
பூனைத் தாள்கள் ஆறு என்னிடம் வந்தன.
"எரிச்சுப்போடும் அக்கா" என்றான், பாதி விளையாட்டாக.
ஐந்தை எரித்தேன்.
ஒன்று என் மேசையில்,
கொதித்தாறின தண்ணிப் போத்தலில் இருக்கிறது.
பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போதெல்லாம் வேர்க்கும்.
மலிவு மை; முதலில் பெயர் கரைந்தது,
மூன்று மொழியும் ஒன்றாய், ஒரு நீலக் கறையாய்.
வரி அப்படியே இருக்கிறது.
தண்ணீர் குறையக் குறைய
பூனை அதே இடத்தில் குந்தியிருந்து
மட்டத்தைப் பார்க்கிறது.