வேறு குறிப்புகள்

வார நாட்களில் வல்கா ஊரில் நூலகர் நான்.
குளிர்காலத்துச் சனி ஞாயிறுகளில்
ஓட்டெபேயின் பனிச்சறுக்குத் திடலில்
ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு
வென்றவர்கள் பின்னால் நடப்பவள்.

முடிவுக்கோட்டில் சுருண்டு கிடப்பவரின்
தோளைத் தொட்டு
ஊக்கமருந்துச் சோதனை என்பேன்.
அந்த நொடியிலிருந்து
என் பார்வையைவிட்டு அவர் விலகக் கூடாது.
பதக்க மேடையில் கொடி ஏறும்போதும்
அம்மாவிடம் தொலைபேசியில் விம்மும்போதும்
மூன்றடி தள்ளி நான் நிற்பேன்.
சந்தேகப்படுவதுதான் வேலை.
அதை மரியாதையாகச் செய்யப்
பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

எஸ்கில் த்வைத்தனை
ஐம்பது கிலோமீட்டர் முடிவில் தொட்டேன்.
புருவத்தில் பனி, தாடியில் எச்சில் உறைந்திருந்தது.
'உங்களுக்குக் கால் விறைத்திருக்குமே' என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
பால் பெட்டிகளில் சிரிக்கும் முகம் அது.
மருத்துவமனைக் குழந்தைகளோடு
அவன் இருக்கும் படங்களை நான் நம்பியதேயில்லை.
கேமராவுக்கு முன்னால்
யார்தான் குழந்தையைக் கொஞ்சமாட்டார்கள்?

சோதனை அறையில் கேமரா கிடையாது.
ஆறு நாற்காலி, மூடி திறக்காத தண்ணீர்,
யாரும் படிக்காத வார இதழ்.
குலுக்கலில் விழுந்த பெயர் ஒன்று
ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தது:
வார்த்கெஸ், ஆர்மீனியன், பத்தொன்பது வயது,
எழுபத்தோராம் இடம்.
பயிற்சியாளர் காய்ச்சலில் விடுதியில்.
பையனுக்கு நான்கு பாட்டில் உள்ளே போயிருந்தது,
ஒரு சொட்டு வெளியே வரவில்லை.
'நான் எதுவும் சாப்பிடவில்லை, சத்தியமாக'
என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஐவார் எஸ்கிலைப் பார்த்து,
தயாரா என்றார்.
எஸ்கில் பையனைப் பார்த்தான்.
'எனக்கும் வரவில்லை.'

பொய்.
இருபது ஆண்டாக இந்த அறையில் பொய் கேட்கிறேன்,
எனக்குத் தெரியாதா?
முட்டிக்கொண்டு வருபவன் எப்படி உட்காருவான் என்று
மூன்று பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா?

முதல் சோதனையில் கோப்பையைத் தவறவிட்டு
அதிகாரியின் புதுச் செருப்பை நனைத்த கதையைச் சொன்னான்.
அரைகுறை ரஷ்ய மொழியில்,
சொல் கிடைக்காத இடத்தில் கையால்.
பையன் சிரிக்கவில்லை.
எந்த மெழுகு பூசினாய் என்று கேட்டான்.
பையன் சொன்னான்.
'அதுதான் தப்பு, இந்தப் பனி பொல்லாதது' என்று
வார இதழின் விளிம்பில் படம் போட்டான்.
அப்புறம் பையன் ஊரில்
ஓநாய் உண்டா, பாலாடைக்கட்டி எப்படி இருக்கும்,
அண்ணன் தம்பி எத்தனை பேர்.
கால் மேல் கால் போட்டு, மாற்றிப் போட்டு,
நெற்றி வியர்க்க,
ஒரு மணி ஐம்பது நிமிடம்.

ஓநாய்க் கதையின் நடுவில்
வார்த்கெஸ் திடுக்கென்று எழுந்தான்.

அவன் கதவு திறந்து வெளியே வந்ததும்
எஸ்கில் உள்ளே ஓடிய ஓட்டம் இருக்கிறதே,
காலையில் தங்கம் வாங்கிய ஓட்டம்
அதற்கு உறை போடக் காணாது.

தார்த்துவுக்குக் கடைசிப் பேருந்து போயிருந்தது.
இரண்டு பேரின் சறுக்குக் கட்டைகளையும்
ஒரே காரின் கூரையில் கட்டுவதை
ஜன்னல் வழியே பார்த்தேன்.
யாருடையது எதுவென்று
அந்த இருட்டில் தெரியவில்லை.

மேசையில் படிவம்.
வேண்டுமென்றே தாமதித்தால் எழுத வேண்டும்,
அது விதி.
தாமதம் என்பது மறைப்பதாகவும் இருக்கலாம்,
அதுவும் எனக்குச் சொல்லித் தந்ததுதான்.
சோதனை முடிவை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.
தடைப் பட்டியல் வரும்போதெல்லாம்
இன்றும் 'த' வரிசையை
விரல் வைத்துத் தேடுகிறேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்குப் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து,
வேறு குறிப்புகள் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.
அந்த அறையில்
அன்று சொல்லப்பட்ட இரண்டாவது பொய்.
கீழே என் கையெழுத்து.