வாய்தா

டல்லாவிலிருந்து சம்பானுக்கு ஓரணா.
கோர்ட்டு வாசலில் ஸ்டாம்புக்காரனுக்கு அரை ரூபாய்.
வரவேண்டியது பதினேழு ரூபாய், மூன்று மாசக் கூலி.
இது நாலாவது நடை.

சிலம்பாயி, சிலம்பாயி, சிலம்பாயீ என்று
மூன்று தரம் கூவினான் டவாலி,
செத்தவளைக் கூப்பிடுவதுபோல.
இருக்கிறேன் என்று எழுந்தேன்.

சொன்னேன்:
அரிசி மில்லில் உமி அள்ளினேன்,
ராத்திரி ஷிப்டும் பார்த்தேன், இருமலோடு.
சீட்டில் கைநாட்டு வை, காசு சனிக்கிழமை என்றார்கள்.
வைத்தேன். எந்தச் சனிக்கிழமை என்று கேட்கவில்லை.

துபாஷி அதை நாலு வார்த்தையில் இங்கிலீஷாக்கினார்.
இருமல் எங்கே, ராத்திரி எங்கே?
அந்த நாலைத்தான் ஜட்ஜு எழுதிக்கொண்டார்.

பிறகு மில் கணக்கர் மருதப்பர் கூண்டேறினார்.
"கொடுத்தாச்சு. ரேகை இருக்கு."
துபாஷி வாயில் அவருக்கும் அதே "ஐ".
எனக்காகச் சொன்னாரே, அதே "ஐ",
அதே தொண்டை,
நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெருவிரலைப் பார்த்தேன்.
மை போய் ஐந்து மாசம்.
இது யார் பக்கத்துச் சாட்சி?

மணி அடித்தது. ஜட்ஜு எழுந்துவிட்டார்.
"வாய்தா, அடுத்த மாசம் ஒன்பது."
வாய் தா என்றுதான் என் காதில் விழுந்தது.

காலையிலேயே கொடுத்துவிட்டேனே ஐயா.
அவரிடம் இருக்கிறது,
கேளுங்கள்.