கீழெல்லை

கீழக்கரை சார்பதிவகத்தில் பதிந்த பத்திரம்.
நான்கெல்லை உண்டு அதில்.
வடக்கே அபூபக்கர் வகையறா மதில்,
தெற்கே நகராட்சிச் சந்து,
கிழக்கே இடிந்த கிட்டங்கி,
மேற்கே நடைபாதை.
இதற்கு மத்தியில் என்று தொடங்கி
முன் வில்லங்கம் யாதொன்றும் இல்லை
என்று முடியும்.
கீழெல்லையை யாரும் எழுதவில்லை.

கீழே கடல்.
முந்நூறு அடி தள்ளி அலையடிப்பது வேறு.
இது அஸ்திவாரத்தில் நிற்பது.
கரைமணலைக் கழுவாமல் கலந்த
ஏதோ ஒரு கொத்தனாரின் அவசரத்தில் உள்ளே வந்தது.
ஐப்பசி பிறந்ததும் சுவரேறும்.
முழங்கால், இடுப்பு,
ஒரு வருஷம் ஸ்விட்ச் போர்டு வரைக்கும்.
பிறகு பொரிந்து உதிரும்.
கூட்டி அள்ளினால்
ஒரு குழம்புக்குக் காணும்.

எனக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை.
பங்குனியில் காட்டினார்.
"பீரோ இருக்கட்டும், தூக்கக் கஷ்டம்" என்றார்.
தாராள மனுஷன் என்று நினைத்தோம்.
எட்டாம் மாதம் நகர்த்திப் பார்த்தால்
பீரோவுக்குப் பின்பலகை இல்லை.
இன்றும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால்
முத்து இபுறாகிம் காக்காவுக்கு
செருப்பு தேடும் வேலை வந்துவிடும்.

இப்போது விற்கும் முறை எனக்கு.
தரகர் சீனி அசனா விவரமானவர்.
"தையில காட்டுவோம் ராலியா.
பட்டி பார்த்து ரெண்டு கோட் அடி.
கேட்டா சொல்லு, கேக்காததுக்கு வாய் எதுக்கு?
நீ ஏமாந்த காசை வேற எங்க போய் எடுப்ப?"
கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.
பட்டி பார்த்தேன்.
நிறத்தின் பெயர் தந்தம்.
முதுகில்லாத அதே பீரோவை
நானே தள்ளினேன்.
தரையின் பழைய நான்கு தழும்பில்
கால்கள் சரியாக உட்கார்ந்தன.

பாண்டிச்செல்வி வந்தாள்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்.
குழாயைத் திறந்து மூடினாள்,
மாடிப்படி எண்ணினாள்,
இந்த அறை வாசலில் நின்று
"கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருந்தீங்க?" என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

அந்தப் பக்கம் போட முடியாது என்று
நான் சொல்லி முடிக்கும்போது
பீரோவின் ஒரு முனையில் என் கை,
மறுமுனையில் அவள் கை.

தந்தத்தின் அடியில் அதற்குள் கொப்புளம்.
விரலால் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
எந்த மாசம், எத்தனை அடி எல்லாம் சொன்னேன்.
குளியலறைக் கூரையில் கம்பி தெரியும் இடத்தை,
அவள் நிமிர்ந்தே பார்க்காத இடத்தை,
அதையும் சொன்னேன்.
சீனி அசனா வாசலுக்குப் போய்
வராத போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்ல கலந்துகிட்டுச் சொல்றேங்க."

பதினோரு நாளாயிற்று.
வங்கித் தவணை அஞ்சாம் தேதி.
உண்மை சொன்னால் தூக்கம் வருமென்பார்கள்;
வந்தது அசனாவின் ஏச்சு.
பீரோ அறை நடுவில் நிற்கிறது.
ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்
முழங்காலில் இடிக்கிறது.
திரும்பத் தள்ள இரண்டு பேர் போதும்,
இரண்டு பேர் இருக்கிறோம்.
சுற்றிக்கொண்டு போகிறோம்.